சாப்பாட்டு மேசையில் 1967

2021 ஜூன் மாதத்து ஒரு சனிக்கிழமை இரவில் என்னுடைய 1967 முடிந்தது. அமெரிக்க பேஸ்பாலின் 1967 சீசனை வீட்டு மேசையில் அட்டைகளையும் பகடைகளையும் வைத்து மறுபடி ஆடிப் பார்த்த கதை இது. டெட்ராய்ட் டைகர்ஸ் 94 வெற்றி, மின்னசோட்டா ட்வின்ஸ் 92, பாஸ்டன் ரெட் சாக்ஸ் 90, சிகாகோ ஒயிட் சாக்ஸ் 85. உண்மையில் நடந்த 1967-இல் வரிசை வேறு: ரெட் சாக்ஸ் 92, டைகர்ஸும் ட்வின்ஸும் தலா 91, ஒயிட் சாக்ஸ் 89. சரித்திரம் சொன்னதும் என் பகடைகள் சொன்னதும் ஒத்துப்போகவில்லை. இரண்டரை ஆண்டுகளையும் 540 ஆட்டங்களையும் ஆறு தடித்த நோட்டுகளையும் செலவிட்டு நான் கண்டது இந்த வேறுபாட்டைத்தான். அதில் எனக்கு வருத்தமில்லை, நிறைவுதான். அது ஏன் என்று சொல்லவே இதை எழுதுகிறேன். இதே வேலையில் இறங்க நினைப்பவருக்கு என் தவறுகள் சில மாதங்களை மிச்சப்படுத்தினாலும் நல்லது.

பள்ளிக்கூடத்தில் புத்தகக் கிரிக்கெட் ஆடியவர்களுக்கு இந்த விளையாட்டின் வேர் உடனே பிடிபடும். பாடப் புத்தகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு திறப்போம். பக்க எண்ணின் கடைசி இலக்கம் ஓட்டம். பூஜ்யம் வந்தால் அவுட். அதில் ஒரு பெரிய குறை இருந்தது. கவாஸ்கரும் பதினோராவதாக வரும் பந்துவீச்சாளரும் ஒரே புத்தகத்தைத்தான் திறந்தார்கள். யார் பெயரை எழுதிவைத்தாலும் வாய்ப்பு ஒன்றுதான். ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் அந்தக் குறையைத் தீர்த்த பேஸ்பால் விளையாட்டு. நியூயார்க்கின் லாங் ஐலண்டைச் சேர்ந்த ஹால் ரிச்மன் சிறுவயதிலேயே இதற்கான யோசனையில் இறங்கி, 1961-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஒவ்வொரு வீரருக்கும் தனி அட்டை. அந்த ஆண்டில் அவர் எத்தனை முறை மட்டை பிடித்தார், எத்தனை முறை அடித்தார், எத்தனை முறை வீழ்ந்தார் என்ற கணக்கெல்லாம் அந்த அட்டைக்குள் பிரித்து அடுக்கப்பட்டிருக்கும்.

மூன்று பகடைகளை உருட்ட வேண்டும். ஒன்று வெள்ளை. அதில் 1, 2, 3 விழுந்தால் மட்டையாளரின் அட்டையைப் பார்க்க வேண்டும். 4, 5, 6 விழுந்தால் பிட்சரின், அதாவது பந்து எறிபவரின் அட்டையை. மற்ற இரண்டு பகடைகளின் கூட்டல், 2 முதல் 12 வரை, எந்த வரி என்று சொல்லும். ஏழு விழ 36-இல் ஆறு வாய்ப்பு, பன்னிரண்டு விழ ஒன்றே ஒன்று. தாயக்கட்டை உருட்டிப் பழகிய கைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சில வரிகளில் விடை நேராக இருக்காது. இருபது முகப் பகடை ஒன்றை உருட்டி, இது ஹோம் ரன்னா (மைதானத்துக்கு வெளியே போகும் அடி), இரண்டு பேஸ் அடியா (ஓடித் தொட வேண்டிய தளங்களில் இரண்டாவது வரை போகும் அடி) என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பிட்சர் அட்டையின் சில வரிகள் பந்தைத் தடுப்பாளரிடம் அனுப்பிவிடும்; அவர் கைத்திறனுக்குத் தந்திருக்கும் தரவரிசையைப் பொறுத்து அது அவுட்டாகவோ பிழையாகவோ முடியும். பாதி விதி அடிப்பவன் கையில், பாதி எறிபவன் கையில். இந்தப் பாதிக்குப் பாதி என்ற எளிய ஏற்பாட்டை நான் இன்றும் வியந்துகொண்டிருக்கிறேன்.

மாசசூசெட்ஸின் வூஸ்டர் நகரத்துக்கு நான் 2009-இல் வந்தேன். பேஸ்பாலை எனக்குக் கற்றுத்தந்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். 1967-இல் அவருக்குப் பதின்மூன்று வயது. டிரான்சிஸ்டர் ரேடியோவைத் தலையணைக்கடியில் வைத்து ரெட் சாக்ஸ் ஆட்டங்களைக் கேட்டவர். அந்த ஆண்டைப் பற்றி அவர் பேசும்போது, நம் ஊரில் 1983 உலகக் கோப்பையைப் பற்றிப் பேசுபவர்களின் முகத்தில் வரும் அதே ஒளியைப் பார்த்திருக்கிறேன். முந்தைய ஆண்டு பத்து அணிகளில் ஒன்பதாவதாக வந்த அணி அது. டிக் வில்லியம்ஸ் மேனேஜராக வந்த முதல் ஆண்டிலேயே, கடைசி நாளன்று லீக்கை வென்றது. அணியின் கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி 0.326 சராசரி (மட்டை பிடித்த முறைகளில் அடித்தவற்றின் பங்கு), 44 ஹோம் ரன், 121 ரன் ஈட்டல் (தம் அடியால் அணிக்குக் கிடைத்த ரன்கள்) என்று மூன்று பட்டியல்களிலும் முதலிடம் பிடித்தார். ஹோம் ரன்னில் மட்டும் மின்னசோட்டாவின் ஹார்மன் கில்லப்ரூவுடன் பகிர்ந்துகொண்டார். அந்த லீக்கில் அந்த ஆண்டு 0.300-ஐத் தாண்டியவர்கள் நான்கே பேர். பிட்சர்கள் ஆண்ட காலம்.

2017-இல், அந்த ஆண்டின் பொன்விழாவை ஒட்டி, 1967 அட்டைத் தொகுதியை வாங்கினேன். முதல் தவறையும் அப்போதே செய்தேன். இரண்டு லீக்குகள், 20 அணிகள், அணிக்கு 162 ஆட்டம்: மொத்தம் 1,620 ஆட்டங்கள். எல்லாவற்றையும் ஆடிவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஆட்டம் ஒன்றுக்கு ஐம்பது நிமிடம் பிடித்தது. நான்கு மாதம் கழித்து எண்ணிப் பார்த்தால் 43 ஆட்டங்கள். காலண்டரில் ஏப்ரல் மாதத்தைக்கூடத் தாண்டவில்லை. பெட்டியை மூடி அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். ஓராண்டுக்கும் மேலாக அதைத் தொடவில்லை.

இந்தப் பொழுதுபோக்கைத் தொடங்கிவிட்டுக் கைவிடுபவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள் என்று நினைக்கிறேன். ஆர்வம் குறைந்து போவதில்லை, கணக்குத்தான் தப்பிவிடுகிறது. ஆகவே முதல் பகடையை உருட்டுவதற்கு முன் ஒரு தாளில் பெருக்கிப் பாருங்கள். வாரத்துக்கு எத்தனை ஆட்டம் உண்மையாகவே ஆட முடியும்? எனக்கு நான்கு. ஆண்டுக்கு ஏறக்குறைய 200. ரெட் சாக்ஸ் ஆடிய அமெரிக்கன் லீக் மட்டும் என்றாலே 810 ஆட்டங்கள், நான்காண்டு வேலை. இரண்டு லீக்குகளும் சீசன் நடுவே ஒன்றோடொன்று மோதும் வழக்கம் 1997-இல்தான் வந்தது. அதனால் ஒரு லீக்கைத் தனியாக எடுத்து ஆடினால் எதுவும் அறுபட்டுப் போகாது. அதையும் சுருக்க வழி கிடைத்தது. பந்தயத்தில் கடைசிவரை நின்ற நான்கு அணிகளின் ஆட்டங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். அவற்றுக்குள் நடந்தவை 108, மற்ற ஆறு அணிகளோடு நடந்தவை 432. ஆக 540. யாங்கீஸும் ஓரியோல்ஸும் தங்களுக்குள் மோதும் ஆட்டத்தை நான் உருட்டவில்லை. அதற்காக யாரும் என்னைத் தண்டிக்கப் போவதில்லை. இந்த 540-ஐ 2019 ஜனவரியில் தொடங்கினேன்.

இதுவும் அதிகம் என்றால் ஒரே அணியின் 162 ஆட்டங்கள் போதும். அதுவும் அதிகம் என்றால் செப்டம்பர் மாதம் மட்டும். எதை எடுத்தாலும் முடித்துவிட வேண்டும். பாதியில் நின்ற பெரிய திட்டத்தைவிட முடிந்த சிறிய திட்டம் எவ்வளவு மேல் என்பதை அந்த அலமாரித் தட்டைத் தினமும் பார்த்து உணர்ந்தேன்.

அடுத்து விதிகள். கையேட்டு விதிகளைச் சொல்லவில்லை. நாமே நமக்கு எழுதிக்கொள்ளும் விதிகளைச் சொல்கிறேன். அன்றைய அணியில் யார் யார் ஆடுவது? நாமே தேர்ந்தெடுக்கலாம், அல்லது அன்று உண்மையில் இறங்கியவர்களையே இறக்கலாம். நான் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டேன். அதற்குக் கைகொடுத்தது ரெட்ரோஷீட். பழைய ஆட்டங்களின் ஸ்கோர் விவரங்களைத் தேடிச் சேர்த்து எல்லோருக்கும் இலவசமாகத் தரும் தன்னார்வலர் அமைப்பு அது, 1989-இல் தொடங்கியது. 1967-இன் எந்த நாளைக் கேட்டாலும் அன்று யார் எந்த வரிசையில் மட்டை பிடித்தார், யார் பந்து எறிந்தார் என்பது கிடைத்துவிடும். அந்த மனிதர்களுக்கு நான் பட்ட கடன் பெரிது.

அன்றைய அணியையே இறக்குவதில் மறைவான நன்மை ஒன்று உண்டு. சீசன் முழுவதும் 30 முறை மட்டை பிடித்து 12 முறை அடித்த ஒரு மாற்று வீரர் இருப்பார். அவருடைய அட்டை ஒரு மாவீரனுடைய அட்டையைப் போல இருக்கும். மேனேஜர் நாற்காலியில் நாமே உட்கார்ந்தால் அவரைத் தினமும் இறக்கச் சொல்லிக் கை பரபரக்கும். அப்படிச் செய்தால் சீசன் அழுகிவிடும். உண்மையான பட்டியலைப் பின்பற்றினால் அந்தச் சபலத்துக்கு இடமில்லை. ஆட்டத்துக்கு நடுவே செய்யும் மாற்றங்கள் மட்டும் என் முடிவு. அதற்கும் ஒரு வரம்பு வைத்தேன்: உண்மையில் மட்டை பிடித்த எண்ணிக்கையைப் பத்து விழுக்காட்டுக்கு மேல் எவரும் தாண்டக்கூடாது.

காய விதியை எடுத்துவிட வேண்டும் என்பது எனக்கு மே மாதத்து ஆட்டங்கள் வந்தபோதுதான் உறைத்தது. அட்டைகளில் காயம் என்று ஒரு விடை இருக்கிறது. விழுந்தால் அந்த வீரர் சில ஆட்டங்களுக்கு உட்கார வேண்டும். ஆனால் நான் பின்பற்றும் பட்டியலில் உண்மையான காயங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. டெட்ராய்டின் ஆல் கேலைன் ஜூன் மாதத்தில் ஆத்திரத்தில் மட்டையை வீசி அடித்துக் கையை உடைத்துக்கொண்டு ஏறக்குறைய ஒரு மாதம் ஆடவில்லை. பால்டிமோரின் ஃபிராங்க் ராபின்சன் இரண்டாம் பேஸில் மோதித் தலையில் அடிபட்டு வாரக்கணக்கில் விலகியிருந்தார். இவற்றோடு பகடையின் காயத்தையும் சேர்த்தால் ஒரே மனிதனை இரண்டு முறை தண்டிப்பதாகும். அது வரையில் அப்படி உட்காரவைத்த ஐந்து பேரின் ஆட்டங்களை அழித்து மறுபடி ஆடினேன். பதினான்கு ஆட்டங்கள் வீண்.

பழைய ஆண்டை ஆடுபவர் இன்றைய பழக்கங்களை வாசலில் விட்டுவிட்டு வர வேண்டும். 1967-இல் பிட்சரும் மட்டை பிடித்தார். அவருக்குப் பதிலாக மட்டை பிடிக்க ஒருவரை வைத்துக்கொள்ளும் விதி அமெரிக்கன் லீக்கில் 1973-இல் வந்தது. நல்ல பிட்சர் ஒன்பது இன்னிங்ஸும் வீசுவது சாதாரணம். பாஸ்டனின் ஜிம் லான்போர்க் அந்த ஆண்டு 39 ஆட்டங்களைத் தொடங்கி 22 வெற்றி பெற்றார். இன்றைய தொலைக்காட்சி ஆட்டங்களைப் பார்த்த பழக்கத்தில், ஏழாவது இன்னிங்ஸ் வந்தவுடன் அவரை எடுத்துவிட்டு வேறொருவரைக் கொண்டுவந்துகொண்டிருந்தேன். மாற்றுப் பிட்சர்களின் அட்டைகள் கசங்கிப்போயின. ஒயிட் சாக்ஸ் தோற்கத் தொடங்கியது. அந்த அணியே ஜோ ஹார்லென், கேரி பீட்டர்ஸ், டாமி ஜான் என்ற மூன்று எறிபவர்களின் தோளில் நின்ற அணி. அவர்களின் வழக்கமான மட்டையாளர்களில் ஒருவர்கூட 0.250-ஐ எட்டவில்லை. பீட்டர்ஸை ஏழாவதில் எடுத்துவிட்டால் ஒயிட் சாக்ஸிடம் மிஞ்சுவது என்ன? அவர் சோர்ந்துவிட்டதை அட்டையே சொல்லும்வரை காத்திருக்கக் கற்றுக்கொண்டேன்.

தனியாக ஆடும்போது இரண்டு பக்கமும் நாமே. இதுதான் எல்லாவற்றிலும் கடினம். நான் பாஸ்டனுக்கு அருகில் வாழ்பவன், பக்கத்து வீட்டுப் பெரியவரின் கதைகளில் வளர்ந்த ரசிகன். ஜூன் வரை ஆடிவிட்டு என் நோட்டைப் புரட்டியபோது ஒன்று தெரிந்தது: ரெட் சாக்ஸுக்கு எதிராக ஆடும் அணி மாற்று மட்டையாளரை இறக்க வேண்டிய கட்டங்களில் மூன்றில் ஒரு பங்கில் நான் இறக்கவேயில்லை. வேண்டுமென்று செய்யவில்லை. மனம் அந்தப் பக்கம் பார்க்கவே மறுத்திருக்கிறது. அதற்கு மருந்து, முடிவுகளை எழுத்தில் முன்கூட்டியே கட்டிவைப்பது. ஒரு அட்டையில் எழுதி மேசையின் நடுவில் நிறுத்தினேன். ஏழாவது இன்னிங்ஸுக்குப் பிறகு பின்தங்கிய அணியின் பிட்சர் மட்டை பிடிக்க வந்தால், பேஸில் ஆள் இருந்தால், மாற்று ஆள் கட்டாயம். ஒரே இன்னிங்ஸில் மூன்று அடி வாங்கிய பிட்சர் நான்காவதற்கு இருக்கக்கூடாது. விருந்தாளி அணி முதலில் முடிவெடுக்கும், சொந்த மைதான அணி பிறகு. பகடை கையை விட்டுப் போனபின் எதையும் மாற்றக்கூடாது. இதை நிறுத்திய நாளிலிருந்து, எதிரணி ஜெயித்தாலும் மனது கேட்டுக்கொண்டது.

பகடைகளைப் பற்றி இரண்டு வார்த்தை. மலிவான, முனை உருண்ட பகடைகள் எல்லாம் நேர்மையானவை அல்ல. பன்னிரண்டு அதிகமாக விழுவது போலத் தோன்றியதால் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பகடைகளை ஒவ்வொன்றாக 600 முறை உருட்டி எண்ணினேன். ஒவ்வொரு முகமும் ஏறக்குறைய நூறு முறை வர வேண்டும். பத்து, பதினைந்து கூடக் குறைய இருப்பது இயல்பு. ஒரு பகடையில் ஆறு மட்டும் 131 முறை விழுந்தது. அதை எடுத்துப் போட்டுவிட்டு, முனை கூரான, அளவெடுத்துச் செய்த பகடைகளை வாங்கினேன். உருட்டுவதற்கு அம்மா தந்துவிட்ட பித்தளைத் தாம்பாளம். அதில் பழைய வேட்டித் துணியை நான்காக மடித்து விரித்தால் நள்ளிரவில் சத்தம் கேட்காது, பகடையும் மேசையைவிட்டு ஓடாது. துணிக்கு வெளியே விழுந்தது செல்லாது. இந்தச் சிறிய விதியையும் முன்னரே எழுதிவைக்க வேண்டும்; இல்லையென்றால் ஹோம் ரன் விழுந்தால் செல்லும், அவுட் விழுந்தால் செல்லாது என்று ஆகிவிடும்.

கணக்கை அன்றன்றே ஏற்றிவிடுங்கள். ஒரு முறை 11 ஆட்டங்களைச் சேர்த்துவைத்துவிட்டு இரண்டு வார இறுதிகளை இழந்தேன். ஒரு ஸ்கோர் தாள் தொலைந்தும் போனது: ட்வின்ஸ் ஜெயித்தது நினைவிருந்தது, யார் அடித்தார் என்பது போய்விட்டது. அதற்குப் பிறகு ஆட்டம் முடிந்ததும் தாளைக் கைபேசியில் படம் எடுத்துவிட்டுத்தான் எழுந்தேன்.

இவ்வளவையும் சொல்லிவிட்டேன், ஆனால் இந்த வேலையின் ருசி விதிகளில் இல்லை. செவ்வாய்க்கிழமை இரவில், முக்கியத்துவம் எதுவும் இல்லாத ஓர் ஆட்டத்தில், கன்சாஸ் சிட்டி அத்லெடிக்ஸ் ட்வின்ஸுடன் மோதும்போது இருக்கிறது. அந்த அணி அந்த ஊரில் ஆடிய கடைசி ஆண்டு அது, 99 தோல்வி. சரித்திரப் புத்தகங்கள் அவர்களை ஒரு வரியில் கடந்துவிடும். நான் அவர்களோடு 72 ஆட்டங்கள் உட்கார்ந்திருந்தேன். மிக்கி மேன்டில் முதல் பேஸில் நின்று முதுமையை ஏற்றுக்கொண்ட யாங்கீஸோடும் அப்படியே. ஏப்ரல் 14-ஆம் தேதி ஆட்டம் உண்மையில் பெரும் கதை. பில்லி ரோர் என்ற புதிய ரெட் சாக்ஸ் பிட்சர் தம் முதல் ஆட்டத்திலேயே, யாங்கீ மைதானத்தில், ஒரே ஓர் அவுட் மிச்சமிருக்கும்வரை யாருக்கும் ஓர் அடிகூடக் கொடுக்கவில்லை. ஒன்பதாவது இன்னிங்ஸில் யஸ்ட்ரெம்ஸ்கி பின்னால் ஓடிப் பாய்ந்து ஒரு பந்தைப் பிடித்தார். பிறகு யாங்கீஸின் எல்ஸ்டன் ஹாவர்ட் அடித்துவிட்டார். அதே ஹாவர்ட் ஆகஸ்டில் பாஸ்டனுக்கு வந்து சேர்ந்தார். என் மேசையில் ரோர் மூன்றாவது இன்னிங்ஸில் நான்கு ரன் கொடுத்து வெளியேறினார். அன்று இரவு நெடுநேரம் அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையில் நடந்தது எவ்வளவு அரியது என்று எந்தக் கட்டுரையும் எனக்கு அப்படி உணர்த்தியதில்லை.

2020 வசந்தத்தில் பேஸ்பாலே இல்லை. பெருந்தொற்றால் சீசன் ஜூலை 23 வரை தள்ளிப்போனது. பக்கத்து வீட்டுப் பெரியவர் தொலைபேசியில் கேட்டார்: "நீங்கள்தான் இப்போது ஊரிலேயே ஒரே ஆட்டத்தை நடத்துகிறீர்கள். எனக்குச் சொல்லுங்கள்." அன்றிலிருந்து இரவு எட்டு மணிக்கு அழைப்பேன். தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டு ரேடியோ வர்ணனையாளர் போல ஒவ்வோர் உருட்டலையும் சொல்வேன். தாம்பாளத்தில் பகடை விழும் மெல்லிய சத்தம் அவருக்குக் கேட்கும். உண்மையான சீசன் தொடங்கிய பிறகும் அவர் இதை விடவில்லை.

அக்டோபர் கடைசியில் ஆகஸ்ட் 18 வந்தது.

அந்தத் தேதியைப் பாஸ்டன்காரர்களிடம் சொல்லிப் பாருங்கள். டோனி கொனிக்லியாரோ பக்கத்து ரெவியர் நகரில் பிறந்த பையன். 22 வயதில், அந்த ஜூலையில்தான் தம் நூறாவது ஹோம் ரன்னை அடித்திருந்தார். அன்று ஃபென்வே மைதானத்தில், நான்காவது இன்னிங்ஸில், கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸ் அணியின் ஜாக் ஹாமில்டன் எறிந்த பந்து அவருடைய இடது கன்னத்தில் மோதியது. காதை மறைக்கும் பகுதி அப்போதைய தலைக்கவசத்தில் இல்லை. கண் கெட்டது. அந்த ஆண்டின் மீதியையும் 1968 முழுவதையும் இழந்தார். 95 ஆட்டங்களில் 20 ஹோம் ரன் என்று அவர் கணக்கு நின்றது.

அட்டைக்கு இது தெரியாது. அந்த 95 ஆட்டங்களின் வலிமையை மட்டும் அது வைத்திருக்கிறது. விட்டால் 162 ஆட்டங்களும் ஆடும். 34 ஹோம் ரன் அடிக்கும். அவரைத் தொடர்ந்து ஆடவிடும் பலர் உண்டு; அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். என் விதி முதல் நாளே எழுதப்பட்டது: அன்று இருந்தவர் இருப்பார், இல்லாதவர் இல்லை. கேலைனின் கைக்கும் ராபின்சனின் தலைக்கும் பொருந்திய விதி இவருக்கு மட்டும் வளையக்கூடாது. வளைந்தால் நான் ஆடுவது 1967 அல்ல, என் ஆசை.

நான்காவது இன்னிங்ஸில் அவர் முறை வந்தது. பெரியவரிடம் சொன்னேன். மறுமுனையில் வெகுநேரம் பேச்சில்லை. பிறகு, "உருட்டுங்கள்" என்றார். வெள்ளைப் பகடை இரண்டு, கூட்டல் எட்டு. நடுக்களத்துக்கு உயரமான அடி, பிடிபட்டது. அந்த அட்டையை எடுத்து ஓர் உறையில் போட்டு மூடினேன். ஐந்தாவது இன்னிங்ஸிலிருந்து வேறொருவர் வலது களத்தில் நின்றார். பெரியவர் ஆட்டம் முடியும்வரை கேட்டார். ரெட் சாக்ஸ் தோற்றது. "அன்று நான் ரேடியோவை அணைத்துவிட்டேன். மீதியைக் கேட்டதே இல்லை" என்றார்.

முடிவு ஏன் மாறியது என்பதற்கு வருகிறேன். 0.300 சராசரிக்காரர் ஒருவர் 500 முறை மட்டை பிடித்தால், எந்தத் தவறும் இல்லாமலேயே 0.280-லோ 0.320-லோ முடிவது சகஜம். சம பலமுள்ள அணியொன்று 162 ஆட்டம் ஆடினால், தற்செயலாக மட்டும் ஆறு வெற்றி கூடவோ குறையவோ செய்யும். முதலில் இதைக் கணக்கிட்டபோது எழுந்து நடக்க வேண்டியிருந்தது. 1967-இல் முதலிடத்துக்கும் நான்காம் இடத்துக்கும் இடைவெளி மூன்றே வெற்றி. அதாவது அந்த நான்கு அணிகளில் எது வென்றிருந்தாலும் வியப்பதற்கு ஒன்றுமில்லை. என் யஸ்ட்ரெம்ஸ்கி 0.309, 41 ஹோம் ரன். என் கில்லப்ரூ 47. மூன்று பட்டியல்களிலும் முதலிடம் என்ற பெருமை என் மேசையில் யாருக்கும் கிடைக்கவில்லை. ஆகவே தொகுதி தவறு என்று முடிவுகட்டாதீர்கள். அட்டைகள் சரியாகத்தான் இருக்கின்றன. உண்மையில் நடந்த சீசனும் ஒரே ஒரு முறை உருட்டப்பட்ட பகடைதான்.

இதனால் வென்றவர்களின் பெருமை குறைந்துவிடும் என்று ஒரு நண்பர் சொன்னார். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. ஆகஸ்ட் 27 அன்று சிகாகோவில், ரெட் சாக்ஸ் ஒரு ரன் முன்னிலையில் இருந்தபோது, ஒன்பதாவது இன்னிங்ஸில் வலது களத்திலிருந்து ஹோசே டார்டபுல் வீட்டுத்தட்டுக்கு, அதாவது ஓடுபவர் ரன் முடிக்கும் தளத்துக்கு எறிந்தார். வலிமையான கை என்று பெயரெடுத்தவர் அல்ல அவர். ஹாவர்ட் எம்பிப் பிடித்து, காலால் தட்டை மறைத்து, ஒயிட் சாக்ஸின் கென் பெரியை அவுட்டாக்கினார். கடைசி இரண்டு ஆட்டங்களில் யஸ்ட்ரெம்ஸ்கி எட்டு முறை மட்டை பிடித்து ஏழு முறை அடித்தார். மூன்று வெற்றி இடைவெளியில் தொங்கிய சீசனில் அந்த ஒரு வீச்சும் அந்த ஏழு அடிகளும் எவ்வளவு எடை கொண்டவை! பகடையின் அலைவு எவ்வளவு பெரியது என்று கையால் உணர்ந்த பிறகே அந்த எடை எனக்குத் தெரிந்தது.

அந்த ஜூன் மாதச் சனிக்கிழமை, கடைசி நாள் ஆட்டங்கள். ரெட் சாக்ஸ் பந்தயத்திலிருந்து ஏற்கெனவே விலகியிருந்தது. ஆனாலும் லான்போர்க் ட்வின்ஸை 4-1 என்று வீழ்த்தினார். அந்த வெற்றி டெட்ராய்டுக்குக் கோப்பையைக் கொடுத்தது. டைகர்ஸின் இரட்டை ஆட்டம், அதாவது ஒரே நாளில் ஆட வேண்டிய இரண்டு ஆட்டங்கள், இனி எதையும் மாற்றாது. இருந்தாலும் ஆடினேன். உண்மையில் அந்த நாளின் கடைசிப் பந்தில் டைகர்ஸின் டிக் மெக்காலிஃப் தரையில் அடித்து இரட்டை அவுட்டில் முடிந்தார். சீசன் முழுவதிலும் அவருக்கு அது இரண்டாவது முறைதான். என் மேசையில் ஒன்பதாவது இன்னிங்ஸில் அவர் வந்தபோது வெள்ளைப் பகடை மூன்று, கூட்டல் ஐந்து. நான்கு கெட்ட பந்துகள். முதல் பேஸுக்கு நடந்து போனார். அடுத்தவர் அவுட். ஆட்டம் தோல்வி, சீசன் வெற்றி.

பெரியவருக்கு அழைத்துச் சொன்னேன். பாஸ்டன் மூன்றாவது இடம் என்றதும் சிறிது நேரம் யோசித்தார். பிறகு, ரெட் சாக்ஸ் அட்டைகளைக் கடன் தர முடியுமா என்று கேட்டார். "அந்த உறையோடு சேர்த்து" என்றார். ஆகஸ்ட் 19-இலிருந்து மீதி ஆட்டங்களை அவர் தம் வீட்டில் ஆடத் தொடங்கினார், வலது களத்தில் டோனியை நிறுத்தி. ஞாயிற்றுக்கிழமைக்கு ஓர் ஆட்டம், அதற்கு மேல் இல்லை. இதுவரை பதினேழு ஆட்டங்கள். டோனி 23-ஆவது ஹோம் ரன்னை அடித்துவிட்டாராம். வெள்ளைப் பகடை ஒன்று சோபாவுக்கடியில் போய்விட்டது, கிடைக்குமா என்று நேற்று கேட்டார். 600 முறை உருட்டிச் சோதித்தது ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன்.